சத்தம் போடாத மெஷின்

கட்டட வரைபடங்களைக் கட்டி முடித்த வீடுகள் போலத் தெரியும் படங்களாக மாற்றித் தருவது என் வேலை. படம் உருவாகும் நேரமெல்லாம் கணினி கொதிக்கும்; உள்ளிருக்கும் ஃபேன்கள் பேய் பிடித்ததுபோல் இரையும். எங்களுக்கு இருப்பது ஒரே படுக்கையறை, மெஷினும் அதில்தான். மழை தொடங்கியபோது கணவர் தலையணையோடு ஹால் சோபாவுக்குப் போனார்.

"ஏரோப்ளேன் பக்கத்துல எவனாவது தூங்குவானா?" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மழை போய் வெயிலும் வந்துவிட்டது. தலையணை திரும்பவில்லை.

அதனால்தான் இந்தத் தண்ணீர்த் திட்டம். கணினிக்குள் குழாயில் ஓடும் திரவம் சூட்டை, அதை ஆற்றி வெளியேற்றும் ரேடியேட்டருக்கு இழுத்துப் போய்விடும். ரேடியேட்டர் பெரிதாக இருந்தால் ஃபேன்கள் மெல்லச் சுற்றினால் போதும், சத்தமே இருக்காது. பம்ப், தொட்டி, குழாய் என்று போட்ட கணக்கைச் சாப்பாட்டு மேசையில் அவரிடம் காட்டினேன்.

"குழாயை மாட்டுற திருகுக்கா இவ்வளவு?"

"ஒவ்வொரு முனைக்கும் ஒண்ணு வேணுங்க."

"மூக்குத்தியா போட்டுக்கலாம் போலிருக்கே! சரி, அலுமினிய ரேடியேட்டர் மலிவா இருக்கே?"

"மத்ததெல்லாம் செம்பு. ஒரே தண்ணில ரெண்டும் இருந்தா அரிச்சுடும்."

"இதுக்கும் பொருத்தம் பாக்கணுமா!"

சிரித்தேன். அவர் தட்டைக் கழுவிவிட்டு சோபாவுக்குப் போனார். நான் கணக்கை மறுபடி குறைத்தேன். ஒரு வாரம் குறைப்பதும் அடுத்த வாரம் கூட்டுவதுமாகவே நாட்கள் போயின. அந்த அலுப்பில் ஒரு வசதி இருந்தது. திட்டம் முடியாதவரை, அவர் வெளியே படுப்பதற்கு ஒரு காரணம் இருந்தது.

சனிக்கிழமை மதியம் உதிரிபாகக் கடைக்குப் போனேன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த கடைக்காரர் என் கணக்கைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவும் தூக்கத்துக்காகவா அக்கா? நெட் கனெக்‌ஷன் எங்க இருக்கு?"

"ஹால்ல."

"அப்புறம் என்ன? மெஷினை ஹாலுக்குத் தள்ளுங்க, மாமாவை உள்ள தள்ளுங்க. பைசா செலவில்ல. இப்படிச் சொல்லியே நான் கடையை மூடப்போறேன்."

அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. நாள்முழுக்க அறைகளை இடம் மாற்றி வரைபவளுக்கு இது தோன்றாமலா போயிருக்கும்? தோன்ற விடவில்லை. மெஷின் வெளியே போன பிறகும் அவர் உள்ளே வராவிட்டால்?

வீட்டில் அவர் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஹால்ல இடம் ஏது?"

"சோபாவை நகர்த்தினா இருக்கு."

துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "வேணாம். அந்தத் தண்ணி செட்டையே வாங்கிடு. பாதி நான் போடறேன்."

"செம்பு ரேடியேட்டரேவா?"

"செம்பே வாங்கு."

திருகுக்கு மல்லுக்கு நின்ற மனிதர் இவர். அழுகை வரும் என்று நினைத்தேன். அசதிதான் வந்தது. உள்ளே போய் மெஷினை அணைத்து, வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அதை அதன் மேசையிலிருந்து தூக்கிக் கட்டிலில் வைத்தேன்.

"ஏங்க, மேசையை அந்தப் பக்கம் பிடிங்க."

"அதான் வாங்கச் சொல்லிட்டேனே."

"சோபாதான் வேணும்னா வாயைத் திறந்து சொல்லுங்க. மெஷின் பாவம், அது மேல பழி போடாதீங்க."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு வந்து மேசையைப் பிடித்தார். கதவு நிலையில் இடித்தது. சாய்த்துப் பார்த்தோம், திருப்பிப் பார்த்தோம். மூச்சு வாங்கக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"காரணம் சத்தம் இல்லம்மா," என்றார், தரையைப் பார்த்தபடி. "உள்ள வந்து படுத்தா உன்கிட்ட என்ன பேசறதுன்னே தெரியல."

மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன்.

"எனக்கும்தான் தெரியல," என்றேன்.