பிந்தி வந்தவள்

இலந்தையிலைகளை உருவிக் கொதிக்கும் கிடாரத்துக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது நஸ்ரினின் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. மையித்தைக் குளிப்பாட்டுவதற்கான தண்ணீர் அது. அவளுடைய வாப்பா கலீலுர் றஹ்மான் சுபஹு பாங்குக்குச் சற்று முன்னால் கண்ணை மூடி மௌத்தாகியிருந்தார். இப்போது மணி பதினொன்று. நஸ்ரின் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"ராத்தா, ஹபரணை தாண்டிட்டம்." கொழும்பிலிருந்து காரில் வந்துகொண்டிருக்கும் தங்கச்சி நப்லாவின் குரல். அழுது அழுது கட்டிப்போயிருந்தது. "வழியில றோட்டு வேலை. அதான் பிந்திட்டு. ஒரு மணிக்கு வீட்ட வந்திருவம். சாச்சாக்கிட்ட சொல்லு ராத்தா. நான் வாப்பாட முகத்தப் பாக்காம எடுக்க வேணாமெண்டு சொல்லு."

"ம்."

"சொல்லுவாய்தானே?"

"ம்," என்றாள் நஸ்ரின் மறுபடியும். காட்டுப் பாதையில் சிக்னல் அறுந்துபோனது.

அவள் போனைச் செருகி நிமிர்வதற்குள் முஸம்மில் சாச்சா பின்வளவுக்கு வந்துவிட்டார். வாப்பாவின் தம்பி. தலையில் கட்டிய கைக்குட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"மகள், நப்லா கதைச்சாவா? பள்ளியில அறிவிக்கப் போகணும். மத்தியானம் லுஹருக்கு எடுக்கிறதா, பின்னேரம் அஸர் மட்டும் நிக்கிறதா எண்டு ஒரு முடிவு சொல்லு."

"அவட போன் எடுபடுதில்ல சாச்சா," என்றாள் நஸ்ரின். குரல் தடுமாறாததில் அவளுக்கே வியப்பு. "எப்ப வந்து சேருவாவோ தெரியா. பிந்துறதெண்டா வாப்பாக்கு ஆகாது. லுஹருக்கே எடுங்க."

"அதுவும் சரிதான். காக்காக்கு நேரமெண்டா நேரம்தான்." சாச்சா அண்ணனை நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

நஸ்ரின் திரும்பினாள். எரிப்பதற்கான தேங்காய்ப் பொச்சுமட்டைகளை மார்போடு அணைத்துப் பிடித்தபடி மகள் ஷிஃபானா நின்றுகொண்டிருந்தாள். பதினாறு வயது. அந்தப் பழைய போனில் மறுபக்கம் பேசுவது நாலடி தூரத்துக்குக் கேட்கும். ஷிஃபானா மட்டைகளை அடுப்பருகே ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். தாயின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

கூடத்தில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். வாப்பாவின் தலைமாட்டில் இருந்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்த அயல்வீட்டு ஆமினா உம்மாவுக்கு மேலே, சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஐந்து சான்றிதழ்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் நப்லாவின் பெயர். ஒவ்வொன்றும் ஒரு வருடத்தில் ஒருநாள்கூடப் பாடசாலைக்கு வராமல் இருந்ததோ பிந்தியதோ இல்லை என்பதற்காகக் கொடுத்தது. வந்த பெண்கள் மையித்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி அவற்றையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்கள். "கொழும்புல டீச்சரா இரிக்கிற மகள் இன்னும் வரல்லயா?" என்று அடுத்ததாகக் கேட்டார்கள். இருபது வருடமாக அந்தச் சட்டங்களுக்குத் தூசி தட்டுகிறவள் பின்வளவில் புகைக்குள் நிற்பதைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை.

நஸ்ரின் பத்தாம் வகுப்பில் படிக்கும்போது உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒருபக்கம் இழுத்துவிட்டது. அதே மாதம்தான் நப்லாவின் புலமைப்பரிசில் முடிவும் வந்தது. கிண்ணியாவில் இருந்து நகரத்தின் பெரிய பாடசாலைக்குப் போகிற தகுதி. "ரெண்டு மாசத்துக்கு உம்மாவப் பாத்துக்கொள் மகள். உம்மா எழும்பினதும் நீயும் போகலாம்," என்றார் வாப்பா. உம்மா மௌத்தாகும்வரை எழும்பவில்லை. வகுப்பாசிரியை நஜ்முன் நிஸா டீச்சர் மூன்று கடிதங்கள் அனுப்பினார். மூன்றையும் வாப்பா தன் சைக்கிள் கடைக்குப் போகிறபோது வாசித்தார், மடித்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வருட முடிவில் வகுப்பு வரவு இடாப்பில் நஸ்ரினின் பெயரை வெட்டிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சொன்னாள். அன்றைக்கு நஸ்ரின் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அன்று வெட்டியது சூடை மீன் என்பதுகூட இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நப்லாவுக்கு மட்டும் வாப்பா நாலு மணிக்கு எழும்பினார். பாலம் கட்டாத காலம் அது. கடலைக் கடந்து நகரத்துப் பக்கம் போக 'பாதை' என்று எல்லோரும் சொல்கிற இரும்பு மிதவைதான் இருந்தது. முதல் பாதையைப் பிடித்தால் ஏழு இருபதுக்குப் பாடசாலை வாசல். ஏழரைக்குக் கேற்றைப் பூட்டுவார்கள். வாப்பா கையைப் பிடித்துக்கொண்டுபோய் அந்தக் கேற்றில் விட்டுவிட்டு வருவார். மழையிலும் போனார். மூதூர்ப் பக்கம் ஷெல் விழுந்துகொண்டிருந்த நாட்களில், பாடசாலை திறந்தது என்று தெரிந்தால், அப்போதும் போனார். பாயில் கிடக்கும் உம்மாவின் மூத்திரத் துணியைக் கையில் வைத்தபடி நஸ்ரின் ஜன்னலால் பார்த்திருப்பாள். இருட்டுக்குள் ஒரு டோர்ச் வெளிச்சமும் இரண்டு சோடிக் கால்களும் போகும்.

அதெல்லாம் போகட்டும் என்றுதான் அவள் இருந்தாள். கலியாணம் முடித்தாள், பிள்ளை பெற்றாள், வாப்பாவின் சிறுநீரகம் பழுதானபோது அவரை இந்த வீட்டிலேயே தானே பார்த்துக்கொண்டாள். வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி. அவளால் தனியே தூக்க ஏலாது. புருஷன் ஹஸ்மி கடலுக்குப் போகிறவர். ஆகவே ஷிஃபானாவைப் பாடசாலைக்கு அனுப்பாமல் நிறுத்தினாள். ஒருநாள், இரண்டு நாள் என்று அது இருபத்தொன்பது நாளாகியது. போன மாதம் பாடசாலை அதிபரிடமிருந்து கடிதம் வந்தது: பெற்றோர் காலை ஏழரைக்கு முன் சமூகமளிக்கவும். ஆஸ்பத்திரிக்கு மருந்து எடுக்கப் போய்விட்டு நஸ்ரின் எட்டு மணிக்குத்தான் போனாள். பத்து மணிவரை வெளியில் கிடந்த மர வாங்கில் இருக்க வைத்தார்கள்.

"எண்பது வீதம் வரவில்லாட்டிச் சோதினைக்கு விடேலா," என்றார் அதிபர். "பிள்ளை வராததுக்கு நாங்க பிள்ளையக் கேக்கிறல்ல. உங்களத்தான் கேக்கிறம்."

அதை அவள் வீட்டில் வந்து ஹஸ்மியிடம் சொன்னது கட்டிலில் கிடந்த வாப்பாவுக்குக் கேட்டிருக்கிறது. மறுநாளிலிருந்து ஷிஃபானா கஞ்சி கொண்டுபோனால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். "ஸ்கூல் விட்டு வந்து தா. இப்ப எனக்குப் பசியில்ல." மருந்தும் அப்படித்தான். கடைசியில் நஸ்ரின் பிள்ளையை அனுப்ப வேண்டியதாயிற்று. வாசலால் இறங்கிப் போகிற மகளின் முதுகைப் பார்த்தபோது நெஞ்சுக்குள் ஏதோ எரிந்தது. தான் பெற்ற பிள்ளையிலேயே அது எரிகிறது என்று உணர்ந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் எரிந்தது. இவளுக்காகப் பசி கிடக்கத் தெரிந்த மனுஷனுக்கு அந்த மூன்று கடிதங்களில் ஒன்றுக்காவது பதில் எழுதத் தெரியவில்லையே.

இன்று விடியுமுன் வாப்பா அவளுடைய மணிக்கட்டை இறுகப் பிடித்தார். கண் திறந்திருந்தது.

"நப்லா, எழும்பு புள்ள. பாதை போயிரும்."

நஸ்ரின் அவருடைய முகத்தருகே குனிந்தாள். பிறகு, "ஓம் வாப்பா, எழும்பிட்டன்," என்றாள். அவர் பிடியை விட்டார். அதற்குப் பிறகு அவர் மூச்சு மட்டும்தான் விட்டார், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு.

பள்ளி ஒலிபெருக்கி கரகரத்தது. கலீலுர் றஹ்மான் அவர்களின் ஜனாஸா லுஹர் தொழுகையைத் தொடர்ந்து நல்லடக்கம் செய்யப்படும். ஊர் முழுக்கக் கேட்கும்படி இரண்டு தடவை சொன்னார்கள்.

ஆண்கள் வந்து தண்ணீரை எடுத்துப்போனார்கள். குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றிக் கபனிட்டார்கள். முகத்தை மட்டும் திறந்துவைத்துப் பெண்களைப் பார்க்கவிட்டார்கள். நஸ்ரின் குனிந்து வாப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள். கற்பூர வாசம். ஷிஃபானா பக்கத்தில் நின்று அவளுடைய காதருகே மெல்லச் சொன்னாள்:

"உம்மா, இப்பவும் சொல்லலாம்."

நஸ்ரின் நிமிர்ந்தாள். வாசலில் ஹஸ்மி போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். "எத்தின தரம் அடிச்சும் எடுபடுதில்ல. காட்டுக்குள்ள வாறாங்க போல," என்று சாச்சாவிடம் சொல்வது கேட்டது. அவளுடைய பொய் தானாகவே உண்மையாகிக்கொண்டிருந்தது. சாச்சா கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் நிப்பமா மகள்?"

ஒரு சொல் போதும். அது நாக்கின் நுனிவரை வந்தது. சாச்சாவின் தலைக்கு மேலே அந்தச் சட்டங்கள் தொங்கின.

"பள்ளியில ஆக்கள் காத்திட்டிருப்பாங்க," என்றாள்.

கலிமாவைச் சொல்லிச் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். ஆண்களின் தொப்பிகள் ஒழுங்கை முனையில் திரும்பி மறைந்தன.

கார் வந்தபோது ஒன்று பத்து. நப்லா செருப்பில்லாமல் இறங்கினாள், செருப்பு காருக்குள்ளேயே கிடந்தது. கூடத்துக்குள் ஓடிவந்தவள் வெறும் கட்டிலைக் கண்டு நின்றாள். பெண்கள் அழத் தொடங்கினார்கள். அவள் அழவில்லை. கட்டிலைப் பார்த்தாள், கைமணிக்கூட்டைப் பார்த்தாள், பிறகு பெண்களை விலக்கிக்கொண்டு பின்வளவுக்கு வந்தாள். நஸ்ரின் கிடாரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். சாம்பலும் தேங்காய்த் தும்பும் கையில். ஷிஃபானா வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ராத்தா. ஒரு மணிக்கு வந்திருவனெண்டு சொன்னேனே."

"ஓம்."

"சாச்சாக்கிட்ட சொன்னியா?"

வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. நஸ்ரின் தும்பைக் கீழே வைத்தாள்.

"சொல்லல்ல."

நப்லா அவளைப் பார்த்தாள். என்னத்துக்கு என்று கேட்பாள் என்று நஸ்ரின் காத்திருந்தாள். கேட்டால் சொல்ல இருபது வருடத்துக் கதை இருந்தது. நப்லா கேட்கவில்லை. குளிப்பாட்டிய இடத்தில் இன்னும் ஈரமாய்க் கிடந்த மண்ணில், அணிந்திருந்த அபாயாவோடு அப்படியே அமர்ந்துவிட்டாள்.

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து ஆண்கள் திரும்பிவந்த சத்தம் கேட்டது. சாச்சா பின்வளவுக்கு வந்தார். முழங்காலில் மண். நப்லாவைக் கண்டதும் அவருடைய வாய் கோணியது.

"மகள்... உன்ட போன் எடுபடல்ல எண்டு ராத்தா சொன்னா. ஹஸ்மியும் அடிச்சுப் பாத்தார். தெரிஞ்சிருந்தா நிண்டிருப்பம் புள்ள."

நஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டாள். ஷிஃபானாவின் கையிலிருந்த வாளி அசையாமல் இருந்தது.

"ஓம் சாச்சா," என்றாள் நப்லா. "வழியில சார்ஜ் முடிஞ்சிட்டு."

சாச்சா அவளுடைய தலையைத் தடவிவிட்டுப் போனார். அயல்வீட்டிலிருந்து சோறு வந்திருந்தது. யாரோ உள்ளே பாத்திரங்களைப் பரத்துகிற சத்தம்.

"கேற்றில விட்டுட்டு வாப்பா திரும்பியே பாக்கமாட்டார்," என்றாள் நப்லா, மண்ணைப் பார்த்தபடி. "அஞ்சு வருசமும் நான் உள்பக்கம் கம்பியப் புடிச்சிட்டு நிண்டு பாத்திரிக்கன். எட்டு மணிப் பாதையப் புடிக்கணுமெண்டு ஓட்டமும் நடையுமாப் போவார். வழியிலயும் கதை இல்ல. மணிக்கூடுதான். மத்தப் புள்ளயள்ட வாப்பாமார் ஐஸ்பழம் வாங்கிக் குடுத்துட்டுக் கை காட்டிட்டுப் போவாங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நீ வீட்டுல அவரோட இரிக்கிற எண்டு நினைச்சு உன்னில எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமா?"

நஸ்ரின் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அப்படியொன்று இருந்திருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அதை நம்புவதா வேண்டாமா என்றும் தெரியவில்லை.

"கடைசியா என்னமும் கதைச்சாரா?"

"பாதை போயிருமெண்டார்."

நப்லாவின் முகம் சிரிப்பதுபோலக் கோணி, பிறகு உடைந்தது. இப்போதுதான் அழுதாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"வேற ஒண்டும் சொல்லல்லயா? ஆரையும் கூப்பிடல்லயா?"

நஸ்ரின் கிடாரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"இல்ல," என்றாள். "அவ்வளவுதான்."

அஸருக்குப் பிறகு கூட்டம் குறைந்தது. நஸ்ரின் உள்ளே போய் அலுமாரியிலிருந்து ஷிஃபானாவின் வெள்ளைச் சீருடையை எடுத்துவந்து வாளியில் அமுக்கினாள்.

"நாளைக்கு ஸ்கூலுக்குப் போ."

"நாளைக்கா உம்மா? வீட்டுல ஆக்கள் வருவாங்களே."

"வரட்டும். ஏழு மணிக்கே வெளிக்கிடு. நான் கூட்டிட்டு வாறன்."

ஷிஃபானா தாயையும் மண்ணிலேயே இருந்த நப்லா சாச்சியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நஸ்ரின் சீருடையை அலசித் தூக்கினாள். தண்ணீரின் பாரத்தில் அது நீளமாகத் தொங்கியது, ஒரு ஆளால் பிழிய முடியாத நீளம். நப்லா மண்ணிலிருந்து எழும்பி வந்தாள். மறு நுனியைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி ஒரு பக்கமும் மற்றவள் மறு பக்கமுமாக முறுக்கினார்கள். நடுவில், இருவருடைய கால்களுக்கும் இடையில், தண்ணீர் கொட்டி, குறைந்து, சொட்டுச் சொட்டாகியது. அது நின்ற பின்பும் இருவரும் விடாமல் முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.