நான்காவது கேள்வி

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, மின்சுற்றுப் பகுப்பாய்வின் முதல் வகுப்பு. ஹெலி ரவுட்டகோஸ்கி மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வரிசைகளை ஒருமுறை கண்ணால் அளந்தபோது, நான்காம் வரிசையில் தன் மகன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ஓக்கோ இயந்திரப் பொறியியலில் அல்லவா சேர்ந்திருந்தான்? கோடை முழுக்க ஞாயிறுதோறும் வீட்டுக்கு வந்து, முற்றத்துச் சவுனா என்னும் நீராவி அறையில் குளித்து, காப்பி குடித்துவிட்டுப் போனவன் துறை மாறியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் தடுமாறவில்லை. பதினைந்து வருடமாகச் சொல்லி வரும் அறிமுகம் நாக்கில் தானாகவே வந்தது. டிசம்பருக்குள் எந்தச் சுற்றையும் தொடாமல், தாளில் பார்த்தே எந்தக் கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் ஓடும் என்று சொல்லிவிடுவீர்கள் என்றாள். இந்தப் பாடத்தில் பாதிப் பேர் தேறுவதில்லை என்று மேல்வகுப்பு மாணவர்கள் பயமுறுத்தியிருப்பார்கள், அது பழைய கதை, இப்போது மூன்றில் ஒருவர்தான் என்றாள். சிரிப்பு எழுந்தது.

"விடை வந்த உடனே நம்பிடாதீங்க. மின்மூலம் கொடுத்த சக்தியும் மத்ததெல்லாம் சேர்ந்து செலவழிச்ச சக்தியும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஒத்துப்போகலன்னா சுத்து மேல பழியப் போடாதீங்க."

இதற்கும் சிரித்தார்கள். ஓக்கோ மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான்.

வகுப்பு முடிந்ததும் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் அவனைப் பிடித்தாள்.

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேணாம்னு சொல்லியிருப்ப."

அது உண்மை. இயந்திரப் பொறியியல் அவன் அப்பா யார்மோவின் துறை. அதை விட்டுவிட்டு இவன் இங்கே வந்ததில் அவளுக்குள் சின்னதாக ஒரு வெற்றி உணர்வு எழுந்தது. அதற்காகவே தன்மீது சந்தேகமும் வந்தது. அன்று மாலையே துறைத்தலைவருக்குத் தகவல் சொன்னாள். ஓக்கோவின் தாள்களைப் பக்கத்து அறை விரிவுரையாளர் தனேலி திருத்துவது என்று முடிவாயிற்று.

முதல் தேர்வு அக்டோபர் தொடக்கத்தில் நடந்தது. நான்காவது கேள்வியை ஹெலி புதிதாக உருவாக்கியிருந்தாள். நடுவில் குறுக்குக் கம்பியோடு, பார்வைக்கு எளிமையாக இருக்கும் ஒரு சுற்று. யாரும் முழுமையாகப் போட்டுவிட மாட்டார்கள் என்று தெரிந்தே வைத்தாள். எங்கே திணறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தனேலி ஓக்கோவின் தாளைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் வைத்தார். நல்ல மனிதர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"மத்த யாரும் நாலாவது போடலன்னு சொன்னியே, உன் பையன் போட்டிருக்கான். முழுசா."

"சந்தோஷம்தானே."

"பாரு. பூஜ்யத்த எங்க வச்சிருக்கான்னு பாரு."

சுற்றில் ஏதாவது ஒரு புள்ளியைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டுதான் மற்றப் புள்ளிகளின் மின்னழுத்தத்தைக் கணக்கிட வேண்டும். எல்லோரும் கீழ்க்கோட்டைத்தான் எடுப்பார்கள், பாடப்புத்தகமும் அப்படித்தான் எடுக்கும். ஓக்கோ மேலே வலது மூலையில் எடுத்திருந்தான். அப்படி எடுத்தால் மூன்று சமன்பாடு இரண்டாகச் சுருங்கிவிடும். ஹெலி தன் விடைக்குறிப்பிலும் அதே மூலையைத்தான் எடுத்திருந்தாள்.

"உன் கையெழுத்து மாதிரியே இருக்கு," என்றார் தனேலி. "நான் வேற ஒண்ணும் சொல்லல."

அவர் சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. தேர்வுக்கு முந்தைய ஞாயிறு அவள் கண்முன் வந்து நின்றது. சமையலறை மேசையில் மடிக்கணினி, அதில் தேர்வுக் கேள்விகளும் விடைக்குறிப்பும். சவுனா அடுப்பில் விறகு போட அவள் முற்றத்துக்குப் போனாள். மூடியைச் சாத்திவிட்டுப் போனாளா? நினைவில்லை. திரும்பி வந்தபோது ஓக்கோ ஜன்னலோரம் நின்று கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அப்போது அது சாதாரணமாகத் தெரிந்தது. இப்போது அவன் ஏன் மேசையருகே உட்காராமல் ஜன்னலோரம் போய் நின்றான் என்று தோன்றியது. மழை நிக்கப்போகுது என்று சொன்னான். ஏன் மழையைப் பற்றிப் பேசினான்?

கணினியைத் திறந்து பார்த்தாள். கோப்பு கடைசியாகத் திறக்கப்பட்டது அந்த ஞாயிறு மதியம். அவளும் அந்த மதியம் அதைத் திறந்துதான் வேலை செய்தாள். அவன் பள்ளியில் படித்தபோது ஒரு குளிர்காலம் முழுக்க இயற்பியல் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அப்போது இந்த மூலையைக் காட்டியிருப்பாளோ? காட்டியிருக்கலாம். ஆனால் காட்டியதாக இப்போது நினைப்பது, அப்படி இருந்தால் நன்றாயிருக்கும் என்பதால்கூட இருக்கலாம்.

வியாழக்கிழமை சீரி லம்பேலா அறைக்கு வந்தாள். நெட்டையான பெண், வகுப்பில் முதல் வரிசை.

"ஹெலி, தப்பா எடுத்துக்காதீங்க. க்ளாஸ் க்ரூப்ல ஏதேதோ எழுதுறாங்க. முதுகுக்குப் பின்னாடி பேசுறது எனக்குப் பிடிக்கல. ஓக்கோவுக்கு நாலாவது கேள்வி முன்னாடியே தெரியுமா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"உங்களுக்குத் தெரியாம?"

ஹெலி பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் அந்தப் பெண்ணுக்குப் போதுமானதாக இருந்தது. நன்றி சொல்லிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

ஞாயிறன்று ஓக்கோ சைக்கிளில் வந்தான். முகமெல்லாம் குளிரில் சிவந்திருந்தது. ஹெலி காப்பி ஊற்றினாள், இலவங்கப்பட்டை ரொட்டியைச் சூடாக்கி வைத்தாள். அவன் இரண்டாவது ரொட்டியை எடுத்தபோது ஒரு தாளை அவன் பக்கம் நகர்த்தினாள். காலையில் வரைந்த புதுச் சுற்று. நான்காவது கேள்வியின் தம்பி என்று சொல்லலாம். அதே அளவு கடினம், ஆனால் வசதியான மூலை வேறு இடத்தில் இருந்தது.

"சும்மா போட்டுப் பாரேன். அடுத்த தேர்வுக்கு வைக்கலாமான்னு யோசிக்கிறேன்."

பொய் அவள் காதுக்கே கேட்டது. அடுத்த தேர்வுக்கான கேள்வியை மாணவனிடம் யார் காட்டுவார்கள்?

ஓக்கோ விரல்களைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தான். சுற்றை வெகுநேரம் பார்த்தான். அவன் கண் மூலைக்கு மூலை போவதை அவள் கவனித்தாள். தான் கவனிப்பதை அவன் கவனிப்பதும் தெரிந்தது. பென்சில் முனை ஒரு புள்ளியை நோக்கி இறங்கி, தாளைத் தொடாமல் நின்றது.

"தனேலி சொன்னாரா, சீரி சொன்னாளா?"

"யாரும் எதுவும் சொல்லல."

"அப்ப நீயா நினைச்சியா." பென்சிலைக் காப்பிக் கோப்பையின் பக்கத்தில் நேராக வைத்தான். "இத நான் சரியா போட்டா என்ன ஆகும்? இதையும் முன்னாடியே பாத்துட்டான்னு நினைப்ப. தப்பா போட்டா வேற எதுவும் நினைக்கவே வேணாம்."

"பாத்தியா இல்லையான்னு ஒரு வார்த்த சொல்லேன், ஓக்கோ."

"கேக்கறதுக்கு முன்னாடி பரீட்சை வச்சிட்டியே."

அவன் குரலை உயர்த்தவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு தனியாகச் சவுனாவுக்குப் போனான். சூடான கற்கள்மேல் தண்ணீர் ஊற்றும் ஓசை முற்றத்தைத் தாண்டிக் கேட்டது. அவ்வளவு தண்ணீர் அவன் ஒருநாளும் ஊற்றியதில்லை. குளித்து முடித்தவன் வீட்டுக்குள் வராமல், ஈரத்தலையோடு சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

மறுநாள் வகுப்பில் ஹெலி அறிவித்தாள். கேள்விகள் இருந்த கணினியை வீட்டில் பாதுகாப்பில்லாமல் விட்டது தன் தவறு. யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை. நான்காவது கேள்விக்கு யாருக்கும் மதிப்பெண் கிடையாது. பிறகு முணுமுணுப்பு. பாதி வழி போட்டிருந்தவர்களுக்குப் பாதி மதிப்பெண் போயிற்று. சீரிக்கும் போயிற்று. அவள் ஹெலியை முறைக்கவில்லை, திரும்பி நான்காம் வரிசையைத்தான் பார்த்தாள். எல்லோரும் அங்கேதான் பார்த்தார்கள். நியாயமாக நடந்துகொள்வதாக நினைத்து, மகனை நூறு பேருக்கு விரல் நீட்டிக் காட்டிவிட்டோம் என்பது ஹெலிக்கு அப்போதுதான் உறைத்தது. ஓக்கோவுக்கு இருபுறமும் இரண்டு இரண்டு இருக்கைகள் காலியாகக் கிடந்தன. போன வாரம் அங்கே ஆட்கள் இருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. வேலை இருக்கிறது என்று குறுஞ்செய்தி மட்டும் வந்தது. ஹெலி சவுனாவைச் சூடாக்கவில்லை.

புதன்கிழமை வகுப்பில் கண்ணிச் சமன்பாடுகள். சுற்றுக்குள் கண்ணி எனப்படும் ஒரு மூடிய பாதையை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றிவரும்போது மின்னழுத்தம் ஏறுவதையும் இறங்குவதையும் குறியோடு கூட்டினால் கடைசியில் பூஜ்யம் வர வேண்டும். மூன்று கண்ணிகள் கொண்ட சுற்றை வரைந்து, சமன்பாடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, சுண்ணக்கட்டியைக் கீழே வைக்கப் போனாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ரெண்டாவது சமன்பாட்டுல ஒரு குறி தப்பு."

ஓக்கோ. இருக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்து இருக்கைகள் இன்னும் காலிதான். தெருவில் வழி கேட்கும் அந்நியனுக்குச் சொல்வதுபோல் சொன்னான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்தான். முதல் வரிசையில் யாரோ மெல்லச் சிரித்து நிறுத்திக்கொண்டார்கள். சீரி தன் நோட்டில் கணக்கை முதலிலிருந்து போட ஆரம்பித்தாள்.

பழிவாங்குகிறானா? தப்பே இல்லாத இடத்தில் தப்பு என்று சொல்லி எல்லோர் முன்னாலும் சோதிக்கிறானா, அவள் அவனைச் சோதித்ததுபோல? அல்லது நிஜமாகவே கண்ணில் பட்டதா? அது அவ்வளவு சட்டென்று பிடிபடக்கூடிய இடமில்லை. அந்தக் கண்ணி முழுவதையும் தலைக்குள் ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

"சரி, சுத்தி வந்து பாப்போம்," என்றாள் ஹெலி.

மூலத்திலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு மின்தடையையும் சுண்ணக்கட்டியால் தொட்டு, ஏற்றமா இறக்கமா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். முதல் மூலை சரியாக இருந்தது. இரண்டாவதும் சரி. இந்த வருடங்களில் பலகையில் எத்தனையோ தவறுகள் செய்திருக்கிறாள், ஒவ்வொன்றுக்கும் கூசியிருக்கிறாள். இது தவறாக இருக்க வேண்டும் என்று இப்போது அவ்வளவு விரும்பினாள். இருந்தால், நான்காவதையும் அவனே யோசித்துப் போட்டிருப்பான் என்று நம்பலாம். இரண்டு கண்ணிகளுக்கும் பொதுவான குறுக்குக் கம்பிக்கு வந்தாள். அங்கே இரண்டு மின்னோட்டங்கள் எதிரெதிராக ஓடின. சுண்ணக்கட்டி அந்த மின்தடையின்மேல் வந்து நின்றது. சீரியின் பேனாவும் தன் நோட்டில் அதே இடத்தில் நின்றது.