மின்னலுக்கு அடுத்தவள்

மின்னல் என்பது அவள் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். எங்கள் மையத்தில் அப்படித்தான். உள்ளே வரும் பிள்ளை தன்னை என்னவென்று கூப்பிட வேண்டும் என்று சொன்னால் போதும். அப்பாவுக்கு என்ன வேலை, வீட்டில் எந்த மொழி, கும்பிடுவது எந்தச் சாமி என்றெல்லாம் நாங்கள் குடைவதில்லை. இந்தப் பெண் மின்னல் என்றாள். ஒரு பிஸ்கட்டைத் தின்று முடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆகும். படி ஏறினால் பாதியில் நின்று யோசிப்பாள். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. மின்னல் வர்றதுக்கு முன்னாடி வானம் ரொம்ப நேரம் சும்மாதான் இருக்கும்" என்றாள் நிதானமாக. அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

நான் அந்த இளைஞர் மையத்தின் பொறுப்பாளர். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று மணிக்குக் கதவைத் திறப்பேன், ஏழு மணிக்குப் பூட்டுவேன். நடுவில் டீ போடுவது, காணாமல் போன பந்தைத் தேடுவது, சண்டையை விலக்குவது. முன்பு மரச்சாமான் கடையாக இருந்த கட்டடம். மூன்று அறை, நாற்பது பிள்ளைகள். எல்லாம் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள். காரில் வந்து இறங்கும் பிள்ளையும் உண்டு, விடுதியில் வளரும் பிள்ளையும் உண்டு, ஊர் விட்டு ஊர் வந்து இன்னும் பெட்டியைப் பிரிக்காத வீட்டுப் பிள்ளையும் உண்டு. சக்கர நாற்காலியில் வரும் ஒருவன் டேபிள் டென்னிஸில் மற்ற எல்லாரையும் அழ வைப்பான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் போடும் சத்தத்தைப் பிள்ளைகள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வரும் பிள்ளையை நான் வரவேற்க மாட்டேன். அதற்கு முன்னால் கடைசியாக வந்த பிள்ளைதான் வரவேற்று, மூன்று அறையையும் சுற்றிக்காட்ட வேண்டும். எங்கே கூச்சம் வரும், எந்தக் கதவைத் தள்ளப் பயமாக இருக்கும் என்பதெல்லாம் அதற்குத்தான் மறக்காமல் இருக்கும். சுற்றிக்காட்டி முடித்தால் அது பழைய ஆள். வந்த பிள்ளை புதுசு.

மின்னல் வந்து ஐந்து வாரம் ஆகியும் அவளுக்கு அடுத்து ஈ, காக்கை கூட வரவில்லை.

"அக்கா, இன்னைக்காவது யாராவது வருவாங்களா?"

"நான் என்ன பண்றது? தெருவுல நின்னு கூவியா கூப்பிட முடியும்?"

"அஞ்சு வாரமா புதுசாவே இருக்கேன்க்கா. இப்படியே போனா கெட்டுப் போயிடுவேன்."

சும்மா இருக்க முடியாமல் ஒத்திகையும் நடக்கும். என் மேசைக்குப் பின்னால் இருக்கும் சக்கரம் வைத்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய், அதற்கு ஒவ்வொரு அறையாகக் காட்டி விளக்கம் சொல்லுவாள். நான் டீ வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன்.

வீட்டுக்குப் போனால் அந்தச் சிரிப்பெல்லாம் வாசலோடு நின்றுவிடும். வீட்டில் இருப்பது நானும் பதினான்கு வயதான என் மகளும். அவள் அப்பா லாரி ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் சாலையில்தான். இரண்டு மாதமாக அவள் வாயில் ‘ம்’, ‘இல்ல’, ‘தெரியல’ இந்த மூன்றையும் தவிர வேறு பேச்சு கிடையாது. பள்ளி விட்டு வந்தால் அறைக்கதவு சாத்திக்கொள்ளும். கெஞ்சினேன், திட்டினேன், கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுதும் பார்த்தேன். மையத்துக்கு வாயேன் என்று கூப்பிட்டதற்கு மட்டும் முழுசாக ஒரு பதில் வந்தது.

"நாப்பது பேர் உன்னை அக்கா அக்கான்னு சுத்தி நிப்பாங்க. அதுல நான் எங்க நிக்கறது?"

ஊரார் பிள்ளைகள் எல்லாம் என்னிடம் வந்து மனதைக் கொட்டிவிட்டுப் போகின்றன. பெற்ற பிள்ளைக்கு என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. இதைவிட ஒரு அம்மாவுக்கு என்ன அவமானம் வேண்டும்?

அந்தப் புதன்கிழமை நாலு மணிக்கு அவளே மைய வாசலில் வந்து நின்றாள். ஆசைப்பட்டு வரவில்லை. வீட்டுச் சாவியை மறந்துவிட்டுப் பள்ளிக்குப் போயிருந்தாள். உள்ளே கால் வைக்காமல் எட்டிப் பார்த்து என்னைத் தேடினாள். நான் கையில் டீத் தட்டோடு வாயைத் திறப்பதற்குள் ஒருத்தி என்னைத் தாண்டி ஓடினாள். மின்னல்தான். அவள் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"புதுசா?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "புதுசாத்தானே வந்திருக்கே? சொல்லு, புதுசுதானே?"

என் மகள் என்னைப் பார்த்தாள். பிறகு மின்னலின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்துக்கு நேராக ‘இல்லை’ என்று சொல்லக் கல்மனசு வேண்டும். என் மகளுக்கு அது கிடையாது.

"ஆமா" என்றாள். "புதுசுதான்."

"என்னன்னு கூப்பிடணும்?"

"இன்னும் யோசிக்கல."

"மெதுவா யோசி. எனக்கு அவசரமே இல்ல."

நான் தட்டை வைத்துவிட்டு அலுவலக அறைக்குள் போய்விட்டேன். அறை என்றால் ஒரு பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் தூக்கிவாரிப் போடும். ஒட்டுக்கேட்பது தப்பு என்று எனக்கும் தெரியும். பதிவேட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"இங்கதான் டீ. ஆளுக்கு ரெண்டு பிஸ்கட்னு எழுதியிருக்கும், மூணு எடுக்கலாம். நாலாவது எடுத்தா அக்கா முறைப்பாங்க. இது பாத்ரூம். தாப்பாள் விழாது, அதனால உள்ள இருக்கற வரைக்கும் பாடிக்கிட்டே இருக்கணும். எனக்கு முதல் நாள் எங்க பாஷைப் பாட்டுதான் தெரியும், அதையே பாடினேன். இப்ப இங்க பாதிப் பேர் அதைத்தான் பாடறாங்க."

என் மகள் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சத்தம் எனக்கே மறந்துபோயிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"டீ வெச்சிருந்தாங்களே, அந்த அக்கா எப்படி?" இது என் மகள்.

"கத்துவாங்க. பயந்துடாதே, சத்தம் மட்டும்தான்."

"அவங்ககிட்ட ஏதாவது சொன்னா வீட்டுக்குப் போயிடுமா?"

"போகாது. அதோ அந்த சோபால உக்காந்து எது சொன்னாலும் வீட்டுக்குப் போகாது. யாருக்காவது ஆபத்துன்னா மட்டும் சொல்லுவாங்க, அதுவும் நம்மகிட்ட கேட்டுட்டு. போன மாசம் ஒருத்தனோட அப்பா வாசல்ல நின்னு, என் பையன் என்ன சொன்னான்னு சொல்லுங்க, இல்லன்னா நகர மாட்டேன்னு ஒரே ரகளை. அக்கா அவருக்கு டீ குடுத்து அனுப்பிட்டாங்க. வாயே திறக்கல."

"அவங்களா? வாயே திறக்கலையா?"

"சத்தியமா."

அந்த அப்பா ஒரு பேக்கரிக்காரர். அவரை அனுப்பிவிட்டு வந்து, நம்மைப் போல உண்டா என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். அந்த மனுஷன் வாசலில் எப்படித் தவித்திருப்பார் என்பது இப்போதுதான் உறைத்தது.

ஐந்தரை மணிக்குத் தடுப்பில் யாரோ தட்டினார்கள். பிள்ளைகள் யாரும் தட்டுவதில்லை, நேராக உள்ளே வந்து நிற்பார்கள். நிமிர்ந்தேன். என் மகள்.

"அக்கா" என்றாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எங்க அம்மாகிட்ட சொல்லக் கூடாது."

வீட்டில் என்னை நீ, வா, போ என்று பேசுபவள். அந்த ‘உங்ககிட்ட’ என்னை அடித்ததா அணைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. "சொல்ல மாட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எதற்கு ஒத்துக்கொண்டேன் என்பதே புரிந்தது.

சோபாவில் உட்கார்ந்தோம். மற்ற பிள்ளைகளிடம் எவ்வளவு தள்ளி உட்காருவேனோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்தேன்.

"கிளாஸ்ல என்கூட மூணு பேர் இருந்தாங்க. ரெண்டு மாசமா யாரும் பேசறதில்ல. ஏன்னு எனக்கே தெரியல. ஒருநாள் காலைல போனா, நான் உக்கார்ற இடத்துல அவங்க பையை வெச்சிருந்தாங்க. மதியம் தனியா உக்காந்து சாப்பிட்டா எல்லாரும் என்னையே பாக்கற மாதிரி இருக்கு. அதனால சாப்பிடறதில்ல. வர்ற வழியில பஸ் ஸ்டாப்புல ஒரு நாய் இருக்கு, அதுக்குப் போட்டுடறேன். டப்பா காலியா இருந்தா எங்க அம்மா சந்தோஷப்படுவாங்க."

உண்மைதான். தினமும் ராத்திரி அந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, பேசாவிட்டால் போகிறது, வயிறாரச் சாப்பிடுகிறாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தவள் நான். அங்கே உட்கார்ந்தபடியே மனதுக்குள் செருப்பை மாட்டிக்கொண்டு பாதி தூரம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மறுநாளே ஸ்கூலுக்கு வந்துடுவாங்க. அந்த மூணு பேரையும் வரிசையா நிக்க வெச்சுக் கேப்பாங்க. அப்புறம் நான் அங்க தலை காட்ட முடியாது." சோபா உறையின் நூலைப் பிய்த்தாள். "நல்லவங்கதான். ஆனா அவங்களுக்கு எல்லாத்தையும் உடனே சரி பண்ணணும்."

மனதுக்குள் போட்ட செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். சோபாவில் உட்காரும் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பதைத்தான் அவளிடமும் கேட்டேன்.

"இதுக்கு நான் ஏதாவது செய்யணுமா? இல்ல, கேட்டா போதுமா?"

எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி. வீட்டில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"கேட்டா போதும்" என்றாள். கொஞ்ச நேரம் அழுதாள். துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தேன். மடியில் இழுத்துப் போட்டுக்கொள்ளத் துடித்த கையை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"நீ சாப்பிடாம இருக்கறது மட்டும் எனக்குக் கவலையா இருக்கு. அதுக்கு ஒரு வழி பாக்கணும். நீயும் யோசி" என்றேன்.

"ம். பாக்கலாம்."

இது பழைய ‘ம்’ இல்லை.

அதற்குள் மின்னல் தலையை நீட்டினாள். "நாளைக்கும் வரணும் நீ. அடுத்த ஆள் வர்ற வரைக்கும் நீதான் புதுசு. நான் அஞ்சு வாரம் தள்ளினேன், தெரியுமில்ல?"

"வர்றேன்" என்றாள் என் மகள்.

பழைய ஆளாகிவிட்ட மிதப்பில் மின்னல் என் கண்ணெதிரேயே நாலாவது பிஸ்கட்டை எடுத்தாள். நான் முறைக்கவில்லை. சாவியை என் மகளும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஏழு மணி வரை அவள் டேபிள் டென்னிஸில் சக்கர நாற்காலிக்காரனிடம் தோற்றுக்கொண்டிருந்தாள்.

பூட்டிவிட்டு இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். அவள் ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். வாயை மூடிக்கொண்டு வந்தேன். அது எனக்கு எவ்வளவு பெரிய வேலை என்று என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். கேட்க எனக்கு ஆயிரம் கேள்வி இருந்தது. அதில் ஒன்றைக் கேட்டாலும், நாளைக்கு அந்தச் சோபா அவளுக்கு இருக்காது. மூன்று நிறுத்தம் போயிற்று.

"அம்மா."

"என்னடா?"

"பசிக்குதும்மா."

ஏன், மதியம் சாப்பிடலையா என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எந்த அம்மாவும் கேட்பதுதான். கேட்டால் அவள் எனக்காக ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

"வீட்டுக்குப் போனதும் சூடா செஞ்சு தர்றேன்" என்றேன்.

"நிறையச் செய்" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள்.