ஃபிரிட்ஜ் அக்காவின் கடன் மதிப்பெண்

ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்ய எந்த அறையானாலும் போதும் என்று நினைப்பவர்கள் ஒரு ஃபிரிட்ஜைத் தூக்கிப் பார்த்ததில்லை. வாசலில் ஒரே ஒரு படி இருந்தால்கூட இரண்டு ஆள் வேண்டும். ஷட்டர் ஒரு சாண் குறைந்தால் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வெளியிலேயே நிற்கும். உள்ளே கொண்டுவந்தபின் ஐஸ் உருகி ஓடும் தண்ணீர் எங்கே போவது என்ற கேள்வி வேறு.

அவள் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் இந்த மூன்று தொல்லையும் இல்லை. படி கிடையாது. ஷட்டர் அகலம். தரையை அவளே சிமென்ட் பூசி, மூலையிலிருந்த வடிகாலை நோக்கிச் சரித்திருந்தாள். சரிவு சரியா என்று பார்க்க ஒரு பேரிங் குண்டை வாசலில் உருட்டிவிட்டாள். அது எங்கும் தயங்காமல் நேராகப் போய் வடிகால் மூடியில் 'டிங்' என்று முட்டியது. அன்றைக்கு அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அது நடந்து பதினோரு வருடம். தெருவில் எல்லாருக்கும் அவள் ஃபிரிட்ஜ் அக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அப்படித்தான்.

ஒரு நாள் கட்டடக்காரர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, இந்த ரூமை வித்துடலாம்னு இருக்கேன். வெளியாளுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு வந்தேன்."

"எவ்வளவு நாள் டைம் தருவீங்க?"

"எட்டு மாசம். அதுக்கு மேல என் பொண்ணு விடமாட்டா."

விலையில் கால் பங்கு அவளிடம் சேமிப்பாக இருந்தது. மிச்சத்துக்கு வங்கிக் கடன். அதில் என்ன சிக்கல் வரப்போகிறது என்று நம்பிக்கையோடுதான் போனாள். கடன் பிரிவில் இருந்த பெண் கணினியில் எதையோ தட்டினாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"உங்க கிரெடிட் ஸ்கோர் அறுநூத்தி நாப்பத்தொண்ணு. எழுநூறு இருந்தாத்தான் நாங்க ஃபைலையே திறக்க முடியும் மேடம்."

"அது ஏன் குறைஞ்சுது?"

"எங்களுக்கு நம்பர் மட்டும்தான் வரும்."

ஒரு பிளக் பாயின்ட்டில் ஓடாத மெஷினை அடுத்த பாயின்ட்டில் சொருகிப் பார்ப்பது அவள் தொழில் வழக்கம். மெஷினில் கோளாறா, பாயின்ட்டில் கோளாறா என்று அதில் தெரிந்துவிடும். அதே வழக்கப்படி அந்த வாரத்திலேயே இன்னும் நான்கு வங்கிகளில் விண்ணப்பம் போட்டாள். நான்கும் கையை விரித்தன. கடைசி வங்கியில் சொன்ன எண் அறுநூற்று இருபத்திரண்டு.

"ஒரே வாரத்துல பத்தொம்பது எப்படிங்க குறையும்?" என்று கணவனிடம் கேட்டாள். "நான் புதுசா கடன் வாங்கினேனா, யாரையாவது ஏமாத்தினேனா?"

பள்ளிப் பேருந்து ஓட்டும் அவனுக்கு எல்லாம் டீசல் கணக்குதான். "எங்கயோ ஒழுகுது" என்றான்.

பதில் இரண்டு நாள் கழித்து ஒரு வாடிக்கையாளர் வீட்டுச் சமையலறையில் கிடைத்தது. அந்த வீட்டம்மா ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்று காலையிலிருந்து ஸ்விட்சைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தாள். கம்ப்ரசர் ஒவ்வொரு தடவையும் முனகிவிட்டு 'டக்' என்று நின்றது.

"அம்மா, முதல்ல ஸ்விட்சிலேர்ந்து கையை எடுங்க" என்றாள் ஃபிரிட்ஜ் அக்கா. "உள்ள ஒரு பக்கம் கேஸ் அழுத்தம் ஜாஸ்தி, இன்னொரு பக்கம் கம்மி. நின்னவுடனே திரும்பப் போட்டா, அந்த அழுத்தத்தை எதிர்த்து அதால சுத்த முடியாது. திணறும், சூடாகும், நின்னுடும். அஞ்சு நிமிஷம் சும்மா விட்டீங்கன்னா ரெண்டு பக்கமும் சமமாயிடும், தானா கிளம்பும். ஓடுதா ஓடுதான்னு நீங்க சோதிக்கறதே அதுக்குக் கெடுதல்..."

பேச்சு அப்படியே நின்றது.

"என்ன அக்கா?" என்றாள் வீட்டம்மா.

"ஒண்ணுமில்ல. என்னையே திட்டிக்கிட்டேன்."

அவள் ஊகம் சரி. ஒரு வங்கி நம் கடன் மதிப்பெண்ணைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வியே பதிவாகிறது. ஒரே வாரத்தில் ஐந்து பேர் கேட்டால், 'இந்த ஆள் ஏதோ நெருக்கடியில் ஓடித் திரிகிறார்' என்று அர்த்தமாகி எண் இறங்குகிறது. ஆனால் தன் கடன் அறிக்கையைத் தானே வாங்கிப் பார்த்தால் எந்தக் கெடுதலும் இல்லை. ஐந்து வங்கி ஏறி இறங்கியவள் அந்த ஒன்றைத்தான் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டறை மேஜைமேல் அறிக்கை விரிந்து கிடந்தது. பதினான்கு பக்கம். சர்க்யூட் படம் படிப்பதுபோல் அவள் சிவப்புப் பேனாவும் நீலப் பேனாவுமாக உட்கார்ந்தாள். கணவன் எதிரில் டீயோடு.

"இதோ பாருங்க. என் கார்டுல எப்பவும் நூத்துக்குத் தொண்ணூத்திமூணு பங்கு செலவாகியே இருக்காம்."

"பொய். நீதான் மாசாமாசம் அஞ்சாம் தேதி மொத்தத்தையும் கட்டிடறியே."

"கட்டறேன். ஆனா பில்லு போடறது பதினெட்டாம் தேதி. மாசத்துல முதல் ரெண்டு வாரம்தான் நான் கம்ப்ரசரும் கேஸ் சிலிண்டரும் வாங்கறது. பதினெட்டாம் தேதி கார்டு கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருக்கும். அன்னிக்கு இருக்கற கணக்கைத்தான் பேங்க்காரங்க போட்டோ எடுத்த மாதிரி ஸ்கோர் போடறவங்களுக்கு அனுப்பறாங்க. நான் கட்டினது அந்தப் போட்டோவுல வராது."

அவன் யோசித்தான். "ஃபிரிட்ஜ் லைட்டு மாதிரி. எப்போ திறந்தாலும் எரியுது. அதனால எப்பவும் எரியுதுன்னு நினைச்சுடறாங்க."

"பரவாயில்லையே, என்கூட இருந்து கொஞ்சம் தேறிட்டீங்க."

இந்தக் கோளாறு அவளுக்குப் பிடித்துப்போனது. அது வேகமாகச் சரியாகும் வகை. கார்டு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதில் போட்டோவுக்குப் பழைய ஞாபகம் கிடையாது. அடுத்த போட்டோவில் காலியாக இருந்தால் காலிதான். அவள் செய்யவேண்டியது பதினாறாம் தேதியே பணத்தைக் கட்டிவிடுவது. அதே பணம், அதே கார்டு, இருபது நாள் முன்னால். அவ்வளவுதான்.

ஆனால் ஒன்பதாம் பக்கத்துக்கு வந்ததும் சிவப்புப் பேனா நின்றுவிட்டது. அதில் ஒரு மோட்டார் பைக் கடன் இருந்தது. அவளிடம் பைக் கிடையாது. கொழுந்தனிடம் இருந்தது. அவன் சம்பளச் சீட்டு போதவில்லை என்று அவள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாள். தவணை தொடங்கி முப்பத்தோரு மாதம். முப்பத்தோரு மாதமும் 'தாமதம்'.

அச்சகத்தில் வேலை செய்யும் கொழுந்தன் மதியம் வந்தான். பைக்கில்தான்.

"அண்ணி, ஒரு மாசம்கூட நான் விட்டதில்ல. இந்தப் பைக் மேல சத்தியம்."

"பைக் இன்னும் உன்னுது ஆகல. வேற எது மேலயாவது சத்தியம் பண்ணு."

"எங்க அண்ணன் மேல."

"அவரை விட்டுடு, எனக்கு வேணும்" என்றாள். "எந்தத் தேதியில கட்டற?"

"பத்தாம் தேதி சம்பளம் வந்தவுடனே. முதல் வேலை அதுதான், டீகூடக் குடிக்க மாட்டேன்."

"தவணைத் தேதி எது?"

அவன் தலையைச் சொறிந்தான். "அஞ்சு. ஆனா ஒவ்வொரு தடவையும் அபராதமும் சேத்துக் கட்டிடறேனே. அவங்களே வாங்கிக்கறாங்க, ஒண்ணும் சொல்லலயே."

யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்ற பட்டியலைக் கடன் கம்பெனி ஏழாம் தேதியே அனுப்பிவிடுகிறது என்பதை அவள் பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினாள். ஐந்து, ஏழு, பத்து என்று மூன்று கோடு. நடுக்கோட்டில்தான் கேமரா. அவன் நேர்மையாக, டீகூடக் குடிக்காமல், ஒவ்வொரு மாதமும் கேமரா போனபிறகு வந்து நின்றிருக்கிறான்.

கொழுந்தனின் முகம் சுண்டிப்போனது. "அண்ணி, இந்த ரூம் போச்சுன்னா அதுக்கு நான்தானே காரணம்?"

"ரூம் இன்னும் போகல. நாளைக்கு லீவு சொல்லிட்டு வா."

மறுநாள் கடன் கம்பெனியின் கவுன்ட்டரில் இருவரும் நின்றார்கள். அங்கிருந்த ஊழியர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு தாளை நீட்டினார். "தேதி மாத்தணுமா? பன்னெண்டு போதுமா? இங்க ஒரு கையெழுத்து."

நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

"ரெண்டரை வருஷமா இது எனக்குத் தெரியாதே சார்" என்றான் கொழுந்தன்.

"ரெண்டரை வருஷமா நீங்க கேக்கலயே தம்பி" என்றார் அவர்.

அதற்குப் பிறகு நடந்ததில் பரபரப்பு ஒன்றும் இல்லை. நன்றாக ஓடும் மெஷினைப் பார்த்துக்கொண்டிருப்பதில் சந்தோஷம் காண்பவர்களுக்கு மட்டும் அதில் சுவை உண்டு. அவளுக்கு இருந்தது. பதினாறாம் தேதி கார்டு. பன்னிரண்டாம் தேதிக்குள் பைக். அச்சகத்திலிருந்து கொழுந்தன் ஒவ்வொரு மாதமும் ரசீதைப் படம் எடுத்து அனுப்புவான். கூடவே, 'இன்னும் டீ குடிக்கல' என்று ஒரு வரி. அடுத்த அறிக்கையிலேயே கார்டு தன் வேலையைக் காட்டியது. எண் அறுநூற்று அறுபத்து மூன்றுக்குத் தாவியது.

பைக் விஷயம் வேறு ரகம். அதற்கு ஞாபகம் உண்டு. பழைய 'தாமதம்' வரிகளை யாரும் அழிக்க முடியாது. புதிய நல்ல வரிகள் ஒவ்வொன்றாக வந்து அவற்றைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். ஐந்து விண்ணப்பங்களின் சூடும் மாதாமாதம் தணியவேண்டும். எண் ஒரு மாதம் ஐந்து ஏறும், ஒரு மாதம் ஆறு. அவள் அதைப் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவந்தாள். வாடிக்கையாளர்கள் ஏதோ குளிர் அளவு என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஏழாம் மாதக் கடைசியில் சுவரில் 697.

அன்றைக்குப் பார்த்து ஒரு ஆள் அளவு டேப்போடு வந்தான். செல்போன் கடை போடப்போகிறானாம். கட்டடக்காரர் சங்கடத்தோடு பின்னால் நின்றார். "சும்மா அளந்துதான் பாக்கறார்மா. உன் தேதி முடியற வரைக்கும் நான் வாக்கு மாற மாட்டேன்." வந்தவன் தரையைக் காலால் தட்டிப் பார்த்து, "இது என்ன, ஒரு பக்கமா சரிஞ்சு கிடக்கு? உடைச்சுச் சமமாப் போட்டுடலாம்" என்றான்.

அந்தி சாய்வதற்குள் கணவன் ஒரு விண்ணப்பத் தாளோடு வந்தான். "வேற ஒரு பேங்க்ல அறுநூத்தித் தொண்ணூறு இருந்தாலே குடுக்கறாங்களாம். வட்டி கொஞ்சம் ஜாஸ்தி. ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாரேன்."

அவள் வாங்கி, பெயரும் விலாசமும் எழுதிவிட்டாள். தொழில் என்ற கட்டத்துக்கு வந்தபோது, மேஜைமேல் சோதனைக்கு வைத்திருந்த கம்ப்ரசர் 'டக்' என்று நின்றது. கை தானாக ஸ்விட்சுக்குப் போகவில்லை. பதினோரு வருடப் பழக்கம். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிடம் ஆனது. ஸ்விட்சைப் போட்டாள். கம்ப்ரசர் முனகாமல் கிளம்பியது.

"இதைப் போட்டு அவங்களும் இல்லன்னுட்டா அஞ்சாறு எண் இறங்கிடும்" என்றாள். "அப்புறம் எழுநூறு கேக்கற பேங்கும் கிடையாது, அறுநூத்தித் தொண்ணூறு கேக்கற பேங்கும் கிடையாது. இன்னும் ஒரு பன்னெண்டு, ஒரு பதினாறு, ஒரு போட்டோ. நாலு வாரம்."

"அப்பவும் மூணு எண் ஏறலன்னா?"

"அப்ப அந்த ஆள் தரையை உடைப்பான், நான் வேற ரூம் தேடுவேன். ஆனா ஸ்விட்சைத் தட்டித் தட்டி நானே கெடுத்தேன்னு இருக்காது."

தாளை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஒரு ஃபிரிட்ஜின் காலுக்கு அடியில் சொருகினாள். ஆட்டம் நின்றது.

அந்த நான்கு வாரத்தில் அவள் பதினெட்டு ஃபிரிட்ஜ் பார்த்தாள். அறிக்கையை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. பார்ப்பதால் கெடுதல் இல்லை என்று தெரியும், இருந்தாலும் திறக்கவில்லை. தேதி முடிய ஐந்து நாள் இருக்கும்போதுதான் திறந்தாள்.

எழுநூற்று மூன்று.

சுவரில் எழுதப் போனவள் சாக்பீஸ் முனையை உடைத்துவிட்டாள். மிச்சத்தை வைத்துப் பெரிதாக எழுதினாள்.

வங்கிக்கு மூவருமாகப் போனார்கள். கொழுந்தன் யாரும் கூப்பிடாமலே வந்திருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. கடன் பிரிவில் அதே பெண். கணினியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள்.

"ஏழெட்டு மாசத்துல அறுபத்திரெண்டு ஏத்தியிருக்கீங்க. என்ன மேடம் பண்ணீங்க?"

"அறுபத்திரெண்டு இல்லம்மா, எம்பத்தொண்ணு. நடுவுல பத்தொம்பதை நானே இறக்கிட்டேன்" என்றாள். பிறகு, கேட்டுவிட்டாளே என்று, போட்டோ நாளையும் மூன்று கோட்டையும் கம்ப்ரசரையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் தன் பில் தேதி எது என்று செல்போனில் தேட ஆரம்பித்தார்.

ஃபைல் திறந்தது. இரண்டு நாளில் ஒப்புதல் கடிதம். தேதிக்கு மூன்று நாள் முன்பே கட்டடக்காரர் அதை மூக்குக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தார். "அளவு டேப்புக்காரனுக்கு நான் சொல்லிக்கறேன்" என்றார்.

ஆனால் மூவருமாக வங்கிக்குப் போன அன்றைக்கே கொழுந்தனுக்கு ஒரு மனக்குறை. வெளியே வந்ததும் சொல்லிவிட்டான்.

"அண்ணி, ஜாமீன் கையெழுத்து கேப்பாங்கன்னு நினைச்சேன். நீங்க எனக்குப் போட்டீங்க, நான் உங்களுக்குப் போட வேண்டாமா? அதுக்காகத்தான் சட்டையெல்லாம் அயர்ன் பண்ணிக்கிட்டு வந்தேன்."

"உன் கையெழுத்து வேணாம்னு அவங்க சொல்றதுக்குத்தான்டா எட்டு மாசம் இந்தப் பாடு" என்றான் அண்ணன்.

"அப்ப நான் எதுக்கு வந்தேன்?"

"ரெண்டு தெரு தள்ளி ஒரு இரட்டைக் கதவு நிக்குது" என்றாள் அவள். "அந்த வீட்டு வாசல்ல மூணு படி. நீ ஒரு பக்கம், உங்கண்ணன் ஒரு பக்கம்."

கொழுந்தன் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டான். மூன்று படியிலும் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே இறக்கினார்கள். அவளுடைய ஷட்டரின் முன்னால் வந்ததும் திட்டு நின்றது. அங்கே தூக்க ஒன்றும் இல்லை. தள்ளினார்கள், ஃபிரிட்ஜ் தானாக உருண்டு உள்ளே போனது.