நீலப் பெட்டி யாருடையது

என் முன்னாள் கணவர் நாற்பது வருடமாகப் பாடுகிறார். பாட்டு, மெட்டு, கிட்டார் எல்லாம் அவரே. அவருடைய ரசிகர் மன்றம் வருடா வருடம் ஓட்டுப் போட்டு, தங்களுக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளை வரிசைப்படுத்தும். முப்பத்தொரு வருடமாக முதலிடத்தை விட்டு நகராத பாட்டு ஒன்றுதான், 'நீலப் பெட்டி'. கணவன் அசந்து தூங்கும்போது ஒரு பெண் தன் நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, அவனை அம்போவென்று விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். அந்தப் பெண் நான்.

நடந்ததோ வேறு. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் போனவர் அவர். பெட்டி என்னுடையது, கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கித் தந்தது. அதில் தன் சட்டைகளை மடிப்புக் கலையாமல் அடுக்கி, கதவைப் பூட்டி, ஆணியில் நான் விட்டுப்போன சாவியையும் சேர்த்து இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். சாயங்காலம் வந்த நான், பூட்டு ரிப்பேர்க்காரர் வரும்வரை இரண்டு மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கீழ்வீட்டு அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். மாடிப்படியில் உட்கார்ந்திருப்பவளைப் பற்றி யார் பாட்டு எழுதுவார்கள்?

மற்ற ஒன்பதின் லட்சணமும் எனக்குத் தெரியும். இரண்டாமிடம் அம்மா பாட்டு. கேட்டால் கல்லும் கரையும். அந்த அம்மாவைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போய், மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட்டவள் நான். இவர் ஊர் ஊராகப் போய் அம்மாவை நினைத்து உருகிக்கொண்டிருந்தார். ஐந்தாமிடம், மழையில் நனைந்த காதல். நாலு தூறல் விழுந்தாலே தலையில் துண்டைக் கட்டிக்கொள்ளும் மனிதர். ஏழாமிடம் நட்பின் பெருமை. அதில் வரும் நண்பரும் இவரும் எதிரெதிரே வந்தால் தெருவை மாற்றிக்கொள்வார்கள். ரசிகர்களுக்கு இதெல்லாம் வேதவாக்கு.

நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். நான் யார் என்று யாராவது கிசுகிசுத்துவிட்டால் போதும், பல் பிடுங்க வந்தவர்கள்கூட வலியை மறந்துவிடுவார்கள். மரத்துப்போன தாடையைப் பிடித்துக்கொண்டு, எச்சில் வழிய, "ஏம்மா அவரை விட்டுட்டுப் போனீங்க?" என்று கேட்ட ஒருவருக்கு நான் அடுத்த வாரம் வரை நேரம் ஒதுக்கவில்லை. எனக்கு முன்கோபம் அதிகம். அதைப் பற்றியும் அவர் ஒரு பாட்டு எழுதியிருக்கிறார், பட்டியலில் ஒன்பதாமிடம்.

இந்த வருடம் அவருடைய கடைசிக் கச்சேரி என்று அறிவித்தார்கள். மன்றச் செயலாளர் என் மேசைக்கே வந்துவிட்டார். இன்சூரன்ஸ் முகவர், நல்ல மனிதர், சட்டையில் நீலப் பெட்டி படம் போட்ட பேட்ஜ். பத்தாமிடத்தில் ஆரம்பித்து முதலிடம் வரை பாடப் போகிறாராம். கடைசிப் பாட்டின்போது நான் முன்வரிசையில் இருந்தால் அது சரித்திரமாகிவிடுமாம்.

"நீங்க தயங்க வேண்டாம்மா. ரசிகர்கள் உங்களை எப்பவோ மன்னிச்சுட்டாங்க" என்றார்.

பெட்டி, சாவி என்று நடந்ததைச் சொன்னேன், மாடிப்படியை மட்டும் விட்டுவிட்டேன். விழா மலரில் இரண்டே வரி போடுங்கள், போனது நான் இல்லை என்று, அப்புறம் வருகிறேன் என்றேன். எனக்கு வேறெதுவும் வேண்டாம், ஊரறிய ஒரே ஒரு தடவை அது சொல்லப்பட வேண்டும். தன் வீட்டைப் பற்றி நான் தப்பாகப் பேசிவிட்டதுபோல அவர் முகம் சுருங்கி உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம்மா" என்றார் கடைசியில். "ஆனா என் வீட்டுக்காரி விட்டுட்டுப் போனப்போ என்னைக் காப்பாத்தினது அந்தப் பாட்டு. பெட்டியை அவர்தான் தூக்கிட்டுப் போனார்னா, நான் இத்தனை வருஷம் அழுததுக்கு என்ன அர்த்தம்?"

மலரில் அந்த இரண்டு வரி வராது என்பது புரிந்தது.

அன்று மதியமே பாட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவரோடு கடைசியாகப் பேசிப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பாட்டை ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். அப்படி எழுதினால்தான் மெட்டுக்குள் உட்கார்ந்தது என்றார், கூச்சமே இல்லாமல்.

"போகட்டும். கடைசிக் கச்சேரியிலயாவது ஒரு தடவை மாத்திப் பாடுங்க. ஒரே தடவை."

"பாடறேன். நீ வா" என்றார். நான் நம்பவில்லை, ஆனாலும் போனேன்.

உள்ளரங்கில் இருபதாயிரம் பேர். எனக்குப் பக்கத்து நாற்காலியில் செயலாளர். மேடையில் மை பூசிய தலையோடு அவர் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு மடக்கு வெந்நீர் குடித்துக்கொண்டு பாடினார். அம்மா பாட்டுக்கு என்னைச் சுற்றி எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு 'நீலப் பெட்டி' ஆரம்பித்தது. எல்லோருடைய கைப்பேசி விளக்குகளும் எரிந்தன. முதல் சரணம் பழையபடியே போனது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஜென்மமா என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது சரணத்தில் மாற்றினார்.

"பெட்டி அவளது, தூக்கியவன் நான். சாவி என் பையில், படியில் அவள்."

முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக அந்த மெட்டைக் கேட்டு அழுதேன். உடனே இன்னொன்றும் உறைத்தது. படியில் உட்கார்ந்திருந்ததை நான் யாரிடமும் சொன்னதே இல்லை. கீழ்வீட்டு அக்காதான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் தெரிந்தேதான் மனுஷன் இத்தனை காலம் பாடியிருக்கிறார்.

அரங்கம் ஒரு கணம் திகைத்தது. பிறகு பின்வரிசையில் யாரோ பழைய வரியை எடுத்துக் கொடுத்தார்கள், தடுமாறும் குழந்தைக்குக் கொடுப்பதுபோல அன்பாக. அடுத்த வரிசை சேர்ந்துகொண்டது. அவர் தலையை ஆட்டி, புது வரியைத் திரும்பப் பாடினார். அவர்கள் இன்னும் உரக்கப் பாடினார்கள். பின்னால் திரையில் பழைய வரிகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது தடவை அவர் வாய் அசைந்தது, எனக்கு எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டு நின்றார்.

செயலாளர் கண்ணைத் துடைத்தபடி என் பக்கம் குனிந்தார். "பாவம்மா, வயசாயிடுச்சு. வரியை மறந்துட்டார்."

"மறக்கலைங்க. இப்பத்தான் ஞாபகம் வந்திருக்கு" என்றேன்.

செயலாளர் காதில் அது விழவில்லை. நான் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகும் இடத்துக்குப் பாட்டு வந்திருந்தது, அவரும் சேர்ந்துகொண்டார். இருபதாயிரம் பேர் சுருதி பிசகாமல் என்னை வீட்டை விட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த அரங்கத்தில் வாய் திறக்காமல் இருந்தது இரண்டே பேர், மேடையில் அவரும் கீழே நானும்.