சவுக்குக் கொப்பு வளையம்

திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டு முன் அறையில் இருந்தவர்கள் இவர்கள்: வஸ்தியாம்பிள்ளை சந்தியாப்பிள்ளையாகிய நான், என் மனைவி றெஜினம்மா, மகன் ஜெறோம், மருமகள் பவதாரணி, பேர்த்தி அஞ்சலின், பேரன் டியோன், அயல்வீட்டு மனுவேல்பிள்ளை, பிந்தி வந்து சேர்ந்த சம்பந்தியம்மா இலட்சுமிப்பிள்ளை. வேறு ஒருவரும் இருக்கவில்லை. மீன் சந்தையிலும் வேலணை பஸ்ஸிலும் "நான் கண்ணால கண்டனான்" என்று சொல்லித் திரிபவர்களில் ஒருவர்கூட அன்று எங்கள் படலையைத் தாண்டவில்லை. ஊர்காவற்றுறையில் எங்கள் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சரியாகப் பேசவேண்டும். பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அதற்கு முந்திய கிழமையே வீட்டில் ஏதோ நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் குசினிப் பக்கம் போனால் பேச்சு நின்றது. சிரிக்கிற சின்னவன் வாயைப் பொத்திக்கொண்டான். றெஜினம்மா, கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரு விஷயத்தையும் மனதில் வைத்திருக்கத் தெரியாதவள், என் முகத்தைப் பாராமல் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள்.

மருமகளில்தான் எனக்கு முதற் சந்தேகம். பவதாரணி வேலணையில் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். ஞானஸ்நானம் பெற்று, எங்கள் கோவிலிலே தாலி கட்டி வந்தவள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குறை சொல்ல ஒன்றுமில்லாத ஆட்களை நான் இரண்டு தரம் பார்ப்பேன். அவள் கடற்கரைப் பக்கம் போய்ச் சவுக்குக் கொப்புகளை முறித்துச் சீலைத்தலைப்பில் மறைத்துக்கொண்டு பின்பக்கத்தால் வந்ததைக் கண்டேன். ஊதா நாடா ஒன்று அவளுடைய தையல் பெட்டிக்குள் இருந்தது. கேட்கவில்லை. சொந்த வீட்டில் நடப்பதை மருமகளிடம் விசாரித்து அறிகிற நிலைக்கு நான் இன்னும் வரவில்லை.

வியாழக்கிழமை, குசினி யன்னலுக்கு வெளியே கை கழுவிக்கொண்டு நின்றபோது, உள்ளே பவதாரணி பிள்ளைகளிடம் அந்தச் சொல்லைச் சொல்வதைக் கேட்டேன்.

"மலர்வளையத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள்ள கட்டி முடிக்கவேணும். மாமாவுக்கு முன்னால மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லிப்போடாதேங்கோ, பிள்ளையள்."

எங்கள் வீட்டில் அந்தச் சொல் புழங்குவதில்லை. காரணம் என் தம்பி கிறகோரி. பிரான்சில் இருக்கிறான். அம்மாவின் செத்தவீட்டுக்கு அவன் வரவில்லை. வேலையில் விடமாட்டார்கள் என்றான். தனக்குப் பதிலாக யாழ்ப்பாணத்துப் பூக்கடை ஒன்றுக்குப் போன் பண்ணி ஒரு மலர்வளையம் அனுப்பினான். பேருந்திலிருந்து இறங்கிய யாரோ ஒருவன் அதைக் கொண்டுவந்து, "கிறகோரியின்ர வீடு எது?" என்று ஊர் முழுக்கக் கேட்டான். பெற்ற தாய்க்குப் பிள்ளை வராமல் பூ வந்தது. அதைப் பெட்டிக்குக் கிட்ட நான் விடவில்லை. படலைக்கு வெளியே மதிலில் சாத்தி வைத்தேன். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. அதைச் சரியென்றுதான் இன்றும் சொல்வேன்.

ஆகவே, மலர்வளையம் என்றால் யாரோ செத்திருக்க வேண்டும். எனக்கு மறைக்கிறார்கள் என்றால் எனக்கு நெருங்கிய ஆளாக இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜெறோம் கிணற்றடியில் நின்று போனில் பேசினான். "சித்தி, நீங்கள் அழாதேங்கோ. அப்பாவுக்கு நாங்கள் பக்குவமாச் சொல்லுறம்" என்றான். என்னைக் கண்டதும் போனை வைத்துவிட்டு, "வாளியில ஓட்டை, அப்பா" என்றான். வாளியில் ஓட்டை இருக்கவில்லை. நான் பார்த்தேன்.

சித்தி என்றால் கிறகோரியின் மனைவி.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் சின்னவன் டியோன் என்னிடம் கேட்டான்: "அப்பப்பா, பிரான்ஸ் அப்பப்பான்ர பெட்டி வந்தா எங்க வைக்கிறது? முன் அறையிலயோ?"

அஞ்சலின் அவனுடைய தொடையில் நுள்ளினாள். பவதாரணி தன் கோப்பையோடு எழும்பிப் போனாள். நான் புட்டை முடித்துவிட்டு எழுந்தேன். பாதிப் புட்டைக் கோப்பையில் விட்டுவிட்டு எழுந்ததாக றெஜினம்மா பிறகு சொன்னாள். எனக்கு அப்படி ஒன்றும் ஞாபகமில்லை.

கிறகோரி செத்துவிட்டான். எனக்கு வயது போய்விட்டது, நெஞ்சு தாங்காது என்று மறைக்கிறார்கள். சரி. என் தம்பி செத்ததை எனக்கு மறைக்கலாம். கோவிலுக்கு மறைக்க ஏலாது. சந்தியாப்பிள்ளையின் தம்பி பூசை இல்லாமல் கிடக்கிறான் என்று ஊர் சொல்லக்கூடாது. சனிக்கிழமை காலை சுவாமியாரிடம் போனேன். அவர் புதிதாக மாறி வந்தவர், கிறகோரியைத் தெரியாது.

"எப்ப ஐயா மோசம் போனவர்?"

"இந்தக் கிழமை. பிரான்சில. நாளைக்கு இரண்டாம் பூசையை அவருக்கு ஒப்புக்குடுங்கோ."

"இரண்டாம் பூசை ஊர் முழுக்க வாற பாட்டுப் பூசை, ஐயா. முதற்பூசையிலயும் குடுக்கலாம்."

"பாட்டுப் பூசையிலதான்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டார் எல்லோரும் பிள்ளைகளோடு முதற்பூசைக்குப் போய்வந்தார்கள். நான் முழங்கால் நோ என்று சொல்லி, இரண்டாம் பூசைக்குத் தனியே போனேன். ஊதா உடுப்போடு சுவாமியார் பீடத்தில் நின்று, "மரித்த வஸ்தியாம்பிள்ளை கிறகோரியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று வாசித்தார். எனக்குப் பின்னால் வாங்குகளில் இருந்த சனத்துக்குள் ஒரு முணுமுணுப்புப் போனது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னேரம் பவதாரணி முன் அறை மேசைக்கு வெள்ளைத் துணி விரித்தாள். பிள்ளைகள் குளித்து நின்றார்கள். அவள் அறைக்குள் போய் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பனையோலையில் பின்னிய வட்டம். சுற்றிவரச் சவுக்குக் கொப்பு. ஊதா நாடா. என் கண் அதற்குமேல் ஒன்றையும் பார்க்கவில்லை.

"எடும் அதை" என்றேன். "என்ர தம்பிக்கு என்னட்டைச் சொல்லாமல் வளையம் கட்டுறியளோ? நான் இந்த வீட்டில இருக்கிறனோ, இல்லையோ?"

பவதாரணியின் முகம் வெளிறியது. ஆனால் அவள் வளையத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஆருக்கு, மாமா? பிரான்ஸ் மாமாவுக்கோ?" என்றாள். "இது திருவருகைக்கால வளையம். கோவிலில பீடத்துக்குப் பக்கத்தில வைக்கிறது. பிள்ளையள் வீட்டிலயும் வைக்கவேணும் எண்டு கேட்டவை. மலர்வளையம் எண்டு சொன்னால் உங்களுக்கு மனம் நோகும் எண்டுதான் ஒளிச்சனாங்கள்."

கோவிலில் வைப்பதை எங்கள் காலத்து ஆட்கள் 'நாலு திரி' என்றுதான் சொல்வோம். மலர்வளையம் என்று ஒருவரும் சொன்னதில்லை. அப்போதுதான் பார்த்தேன்: சவுக்குக் கொப்புக்குள் மூன்று ஊதா மெழுகுதிரியும் ஒரு றோசாநிற மெழுகுதிரியும் குத்தியிருந்தன.

"இண்டைக்கு ஒண்டுதான் கொளுத்திறது, அப்பப்பா" என்றாள் அஞ்சலின். "நத்தாருக்கு இயேசு பாலன் வாறவரைக்கும் கிழமைக்கு ஒண்டு. திரியெல்லாம் பிரான்ஸ் அப்பப்பா அனுப்பினவர்."

"எப்ப அனுப்பினவன்?"

"சாகேக்கு முந்தித்தான் அனுப்பியிருப்பார்" என்றது வாசலில் ஒரு குரல். அயல்வீட்டு மனுவேல்பிள்ளை வெள்ளை வேட்டியோடு நின்றான். உள்ளே வந்து என் இரண்டு கையையும் பிடித்தான். "என்ன அண்ணை, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதோ? பூசையில கேட்டுத்தான் அறியவேணுமோ? கதிரையள் காணாதெண்டால் என்ர வீட்டில கிடக்கு."

"என்ன பூசை?" என்று ஜெறோம் கேட்டான்.

மனுவேல்பிள்ளை சொன்னான். றெஜினம்மா தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். ஜெறோம் என்னைப் பார்த்தான், போனை எடுத்தான். அந்த நேரம் பார்த்துப் படலையடியில் ஒரு ஓட்டோ நின்றது. "ஐயோ என்ர சம்பந்தி!" என்று மாரில் அடித்துக்கொண்டு இலட்சுமிப்பிள்ளை ஓடிவந்தார். முன் அறைக்குள் கால் வைத்தவர் என்னைக் கண்டு அப்படியே நின்றார்.

"நீங்கள்... இருக்கிறியளோ?"

"இருக்கிறன்" என்றேன். "ஆர் சொன்னது இல்லையெண்டு?"

"பஸ் கொண்டக்ரர் சொன்னவன். சந்தியாப்பிள்ளை வாத்தியார் எண்டவன்."

"நான் வாத்தியாரும் இல்லை."

கிறகோரி என்று புறப்பட்ட செய்தி வேலணைக்குப் போய்ச் சேர முன்னமே என்னையும் கொன்றுவிட்டது. மனுவேல்பிள்ளை சுவரைப் பார்த்துச் சிரித்தான். செத்தவீட்டு வேட்டியோடு சிரிக்கிறான் என்று அவனுக்கே பிறகு வெட்கமாய்ப் போயிற்று.

பிரான்சுக்கு எடுத்து நடந்ததைச் சொல்லி முடித்த ஜெறோம், போனை என் முகத்துக்கு நேரே பிடித்தான். அதில் கிறகோரி இருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் அவனை நரையோடு கண்டதில்லை.

"அண்ணை" என்றான். "எனக்குப் பூசை குடுத்தனீங்களாம்."

"ஓம். குடுத்தனான்."

"வாசிச்ச பூசையோ, பாட்டுப் பூசையோ?"

"பாட்டுப் பூசை."

பின்னால் அவனுடைய மனைவி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அப்ப பறவாயில்லை" என்றான். பிறகு, "நாங்கள் நத்தாருக்கு வரவெண்டு ரிக்கற் பாத்து வைச்சிருக்கிறம், அண்ணை. உங்களைக் கேட்டுச் சொல்லுறன் எண்டு ஜெறோம் சொன்னவன். நீங்கள் விடமாட்டியள் எண்டுதான் இவள் அழுதவள். வேண்டாமெண்டால் விடுறம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பவதாரணி நெருப்புப்பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். டியோன் அவளுடைய சீலையைப் பிடித்து, "பிரான்ஸ் அப்பப்பான்ர சாமான் பெட்டி வருமோ, இல்லையோ?" என்று கேட்டான்.

"இனி நீ வராமல் இருக்க ஏலாது" என்றேன். "வராமல் விட்டால், செத்தவனை நாங்கள் மறைக்கிறம் எண்டு ஊர் சொல்லும். அந்தப் பேர் எங்களுக்கு வேண்டாம். வா. கோவிலுக்கு முன்வாங்கில வந்து இரு. ஆக்கள் பாக்கட்டும்."

"வாறன், அண்ணை."

"வரேக்கை பூக்கடைக்காரனை அனுப்பாதே."

"இல்லை, அண்ணை. நானே வாறன்."

பவதாரணி நெருப்புப்பெட்டியை என்னிடம் நீட்டினாள். வீட்டுக்குப் பெரியவர் கொளுத்த வேண்டும் என்றாள். நான் மறுத்தேன். வளையத்தைக் கட்டியவர் கொளுத்துவதுதான் முறை என்று சொன்னேன். அவள் அஞ்சலினின் கையைப் பிடித்து முதலாவது ஊதாத் திரியைக் கொளுத்தினாள். போனுக்குள்ளிருந்து கிறகோரி செபம் தொடங்கினான். எங்கள் அப்பு சொல்லித் தந்த பழைய செபம், ஒரு சொல்லும் பிசகவில்லை. இலட்சுமிப்பிள்ளை சம்பந்திக்குச் செபம் தெரியாது, கைகூப்பிக்கொண்டு நின்றார். பிறகு மனுவேல்பிள்ளைக்கும் அவருக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம்.

இப்போது ஊரில் சொல்லப்படுவதற்கு வருகிறேன். எங்கள் வீட்டு மேசையில் இருந்தது செத்தவீட்டு வளையம் அல்ல, திருவருகைக்கால வளையம். அதில் இந்த ஞாயிறோடு இரண்டு திரி கொளுத்தியாயிற்று, இரண்டு மிச்சம் இருக்கிறது. கிறகோரி இறந்துவிட்டான் என்பது பொய். அவன் உயிரோடு இருக்கிறான், நத்தாருக்கு வருகிறான். நானும் சாகவில்லை.