நனையாத தீக்குச்சி

அம்சத்தின் கை ராசியான கை என்று அந்த வட்டாரம் முழுக்கப் பேச்சு. அவள் முதல் நாற்று முடியின் கட்டைப் பிரித்து ஈசானி மூலையில் நட்டுவிட்டால் அந்த வயல் ஏமாற்றாது என்று நிலக்காரர்கள் நம்பினார்கள். சம்பா நடவு தொடங்கிவிட்டால் அவளுக்கும் அவள் கூட்டிவரும் பெண்களுக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. ராசி உண்மையோ பொய்யோ, அதனால் வேலை கிடைத்தது உண்மை.

அந்த ராசிக்குத்தான் போன தை மாதம் கேடு வந்தது. அறுப்புக்கு நின்ற நெல்லைப் பருவம் தப்பிய மழை சாய்த்து, கதிரிலேயே முளைக்கவும் வைத்துவிட்டது. மழை எல்லார் வயலிலும்தான் பெய்தது. ஆனால் அவள் முதல் முடி நட்ட சாரங்கபாணியின் வயலில் பெய்ததற்கு மட்டும் ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்தது. அம்சம் வேதத்தில் சேர்ந்துவிட்டாளாம், அதனால் கை கெட்டுவிட்டதாம்.

வேதத்தில் சேர்ந்தது மெய்தான். மகள் டைபாய்டில் கிடந்தபோது ஒரத்தநாட்டில் ஒரு சபைக்கு ஜெபிக்கப் போனவள், மகள் எழுந்து நடமாடிய பிறகும் போவதை நிறுத்தவில்லை. ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டாள். ஆடியில் அவள் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தை உள்ளூர் இளவட்டம் துரைக்கண்ணுவும் நாலைந்து பேரும் வந்து பாதியில் கலைத்தார்கள். பாட்டுப் புத்தகங்கள் வாய்க்காலில் மிதந்தன. அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்து ஜெபித்துவந்தாள். பயம்தான், வேறென்ன. ஆண்டவருக்கு இது கேட்காமலா போகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இப்போது சாரங்கபாணி வயலில் கணுக்கால் சேற்றில் நின்றாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பின்னால் சேலையைத் தூக்கிச் செருகியபடி பெண்கள். வரப்பில் துரைக்கண்ணு போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அம்சம் நம்ம சாமிக்கே திரும்பி வந்துவிட்டாள் என்று ஊருக்கெல்லாம் காட்டப்போகிறானாம். அவன் சொல்லிக்கொடுத்த யோசனைதான் இது என்று அவளுக்குத் தெரியும்.

மற்ற வருடங்களில் சூடம் ஏற்றிக் கும்பிடுவது சாரங்கபாணி. அம்சம் நட்டால் போதும். இந்த வருடம் அவர் சூடமும் தீப்பெட்டியும் வைத்த தட்டை அவளிடம் நீட்டினார்.

"நீயே ஏத்தி, நம்ம சாமிய கும்பிட்டுட்டு நடு, அம்சம். இன்னொரு வருஷமும் போச்சுன்னா நான் எந்திரிக்க மாட்டேன்."

அவர் முகத்தில் அதிகாரம் இல்லை, பயம் இருந்தது. அதிகாரம் செய்கிறவனை முறைக்கலாம். பயந்த மனிதனிடம் என்ன செய்வது? முடியாது என்றால் நடவு மெஷினை வரவழைப்பேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இவர் மெஷினுக்குப் போனால் பக்கத்து நிலக்காரர்களும் போவார்கள். அத்தனை பெண்களுக்கும் இந்தப் போகம் வேலை இல்லை. அவளுக்கு அடுத்த இடத்தில் நடும் ஜெயபாரதியின் புருஷன் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஒரு குச்சி கிழிப்பதற்கு இவ்வளவு யோசனையா என்று ஜெயபாரதி காலையிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

அம்சம் தட்டை வாங்கினாள். காற்றுக்கு மறைப்பதுபோல முதுகைத் திருப்பிக் குனிந்துகொண்டு, மருந்துப் பக்கத்தை விட்டுவிட்டு தீப்பெட்டியின் வெறும் பக்கத்தில் குச்சியை உரசினாள். பற்றவில்லை. இன்னொரு குச்சி, அதுவும் அப்படியே. சீ, இது என்ன பிழைப்பு என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"தூறல்ல நனைஞ்சிருக்கும். விடு. கும்பிட்டதா வச்சுக்குவோம். நாத்து முடிய எடு" என்றார் சாரங்கபாணி. அவருக்கும் அப்பாடா என்றிருந்தது. பெண்கள் மூச்சுவிட்டார்கள். துரைக்கண்ணுவுக்கும் திருப்திதான். சூடத்தட்டோடு குனிந்து நிற்கும் அம்சம் அவன் போனில் இருந்தாள்.

எல்லாம் முடிந்துவிட்டது. முடியைப் பிரித்து நட்டால் போதும். அம்சம் முடியைக் கையில் எடுத்தாள். விரல்கள் முடியின் கட்டை அவிழ்க்க மறுத்தன. ஞானஸ்நானத்தன்று இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, என்ன வந்தாலும் மறுதலிக்க மாட்டேன் என்று அத்தனை பேர் கேட்கச் சொன்னவள் அவள். இன்றும் தண்ணீரில்தான் நிற்கிறாள்.

"குச்சி நனையலைங்க" என்றாள்.

எல்லாரும் பார்க்கும்படி ஒரு குச்சியை எடுத்துக் கிழித்தாள். பக்கென்று பற்றியது. விரலைச் சுடும்வரை பிடித்திருந்து சேற்றில் போட்டாள்.

"நான்தான் வெறும் பக்கத்துல உரசுனேன். பயந்துட்டேங்க. உங்க சாமிய நான் எளக்காரமா நெனைக்கல. ஆனா நான் இயேசுவக் கும்பிடுறவ. என்னால ஏத்த முடியாது."

துரைக்கண்ணு கெட்ட வார்த்தை சொல்லித் திட்ட ஆரம்பித்தான். சாரங்கபாணி அவனைத் தடுக்கவில்லை. வரப்பில் ஏறச் சொல்லி அவளுக்குக் கையைக் காட்டினார். இவர்கள் வயிற்றில் அடிக்க வேண்டாம், ஜெயபாரதி முதல் முடி நடட்டும் என்று கேட்டுக்கொண்டு அம்சம் ஏறினாள்.

ஜெயபாரதி சூடம் ஏற்றினாள், கும்பிட்டாள், நட்டாள். அம்சத்தின் பக்கம் திரும்பவே இல்லை. பெண்கள் வரிசையாக நின்று பின்னால் நகர்ந்தபடி நட ஆரம்பித்தார்கள். பாதி வயல் பச்சையான பிறகுதான் சாரங்கபாணி கவனித்தார். ஜெயபாரதிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நடும் அகலத்துக்கு, மூலையிலிருந்து நீளமாக, வெறும் சேறு கிடந்தது. நெருங்கி நடுங்கள் என்று சத்தம் போட்டார்.

ஜெயபாரதி நிமிராமலே பதில் சொன்னாள். "அது அம்சக்கா எடம்ங்க. அவங்க வந்தா நடுவாங்க. வராட்டி அப்படியே கெடக்கும்."

மெஷினைக் கூப்பிடுவேன் என்றார்.

"நட்டதுக்கு நடுவுல மெஷின் எப்படிங்க எறங்கும்?"

மற்றப் பெண்களும் இடத்தை விட்டு நகரவில்லை. சாரங்கபாணி அந்த வெற்றுச் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். நட்ட வயலில் அப்படி ஒரு சொட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க எந்த விவசாயிக்கும் மனசு வராது. துரைக்கண்ணு அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் அவன் பக்கம் திரும்பவில்லை.

"எறங்கு, அம்சம். நேரமாவுது."

இறங்கினாள். ஜெயபாரதி ஒரு முடியை அவள் கையில் திணித்தாள். "எனக்கு இன்னும் கோவம் போகலக்கா."

"தெரியும்டி" என்றாள் அம்சம்.

அவளுக்கென்று விட்டிருந்த இடத்தின் தலைப்பில் போய் நின்றாள். வரப்பில் துரைக்கண்ணு மறுபடியும் போனைத் தூக்கிவிட்டான். இது எங்கெங்கே போகும், நாளைக்கு யார் யார் தன் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆடிக்குப் பிறகு முதல்முறையாக அவள் வாய்விட்டு ஜெபித்தாள்.

"இயேசப்பா, இந்த வயலையும் இந்த வயலுக்காரரையும் காப்பாத்தும்."

சாரங்கபாணிக்கு நன்றாகவே கேட்டது. அம்சம் குனிந்து முதல் நாற்றை ஊன்றினாள்.